சானடோரியம் முதல் சேத்துப்பட்டு வரை

இரும்புலியூர்க்காரர்கள் சென்னைக்குள் போகவேண்டுமென்றால் என்ன செய்வார்கள்? தாம்பரம் ஸ்டேஷனுக்குப் போய், பீச் ரயிலில் ஏறுவார்கள். ஜன்னலோர இடத்துக்கு நடக்கிற சண்டை முடிவதற்குள் அடுத்த ஸ்டேஷன் வந்துவிடும். போர்டில், 'தாம்பரம் சானடோரியம்' என்று எழுதியிருக்கும்.

அதற்கு அடுத்தது குரோம்பேட்டை. அந்தப் பெயர், அங்கிருந்த குரோம் லெதர் தோல் தொழிற்சாலையால் வந்தது. சரி, சானடோரியம் என்றால்..?

காசநோய் வந்தவர்கள் மாதக்கணக்கில் தங்கிச் சிகிச்சை பெறும் இடத்துக்குத்தான் சானடோரியம் என்று பெயர். 1928 ஏப்ரலில், வெறும் 12 படுக்கைகளுடன் இங்கே அதைத் தொடங்கியவர் டாக்டர் சௌரிமுத்து. அதற்கு முன்பு இங்கிலாந்தில், மெண்டிப் மலைப்பகுதியில் ஒரு சானடோரியம் நடத்தியவர் அவர். 1917-ல் அங்கே அவரிடம் சிகிச்சைக்குப் போன ஒருவர் யார் தெரியுமா? நம் கணித மேதை ராமானுஜன்! தாம்பரம் சானடோரியத்தை 1937-ல் அரசு ஏற்றுக்கொண்டது. இன்றும் அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாக நடக்கிறது.

அந்தக் காலத்தில் காசநோய்க்கு மருந்தே கிடையாது. நோயை உண்டாக்கும் கிருமியை ராபர்ட் கோக் 1882-லேயே கண்டுபிடித்துவிட்டார். ஆனால், அதைக் கொல்லும் மருந்து வர இன்னும் அறுபது வருடம் ஆயிற்று! அதுவரை டாக்டர்கள் சொன்னதெல்லாம் நல்ல காற்று, வெயில், பால், முட்டை, முழு ஓய்வு. ஊருக்கு வெளியே, மரங்கள் நிறைந்த இடமாகப் பார்த்து சானடோரியம் கட்டியது அதனால்தான்.

1940-களில் ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது. 1952-ல் ஐசோனியாசிட் மாத்திரை வந்தது. விலை குறைவு, வேலை செய்வதோ ஜோர்! ஆனாலும் பல டாக்டர்கள், "மருந்து கொடுத்தாலும் நோயாளி சானடோரியத்தில் படுத்துத்தான் ஆகவேண்டும்" என்றார்கள்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒரு வீட்டில் அம்மாவுக்குக் காசநோய். அவர் ஒரு வருடம் சானடோரியத்தில் இருந்தால், வீட்டில் சின்னப் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வது? அப்பாவுக்கு நோய் வந்தால், அவர் வேலை என்னாகும்? போகட்டும், எல்லோருக்கும் படுக்கையாவது இருந்ததா? அதுவும் இல்லை. இந்தியாவில் நோயாளிகள் லட்சக்கணக்கில், படுக்கைகளோ ஆயிரக்கணக்கில்தான். இடம் கிடைக்காமல் காத்திருந்தே இறந்துபோனவர்கள் ஏராளம்.

வீட்டிலேயே மாத்திரை கொடுத்தால் குணமாகாதா? ஆகும் என்றார்கள் சிலர். ஆகவே ஆகாது என்றார்கள் சிலர். இதைத் தீர்த்துவைத்த இடமும் இதே ரயில் பாதையில்தான் இருக்கிறது. நுங்கம்பாக்கம் தாண்டியதும் வருமே, சேத்துப்பட்டு!

சாட் பூட் த்ரீ!

1956-ல் சேத்துப்பட்டில் ஒரு காசநோய் சிகிச்சை ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், அன்றைய சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் சேர்ந்து இதை ஆரம்பித்தன. பிரிட்டனிலிருந்து வந்த டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் ஆய்வுக்குத் தலைமை தாங்கினார்.

சென்னையின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு சானடோரியம். இன்னொரு பிரிவுக்கு அவரவர் வீடு.

எப்படிப் பிரித்தார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது! தெருவில் கபடி ஆடும்போது, ஒருவனே இரண்டு அணிகளையும் பிரித்தால் என்ன செய்வான்? பலசாலிகளைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வான். அப்புறம் ஜெயித்து என்ன பெருமை? அதனால்தானே சாட் பூட் த்ரீ போடுகிறோம்!

டாக்டர்கள் ஏமாற்றுகிறவர்கள் இல்லை. ஆனால், அவர்களுக்கும் மனசு இருக்கிறதே! "ஐயோ, இவர் ரொம்ப முடியாமல் இருக்கிறார், சானடோரியம் போகட்டும்" என்று நினைத்து அனுப்பினால், நோய் முற்றியவர்கள் எல்லாம் ஒரே பக்கம் சேர்ந்துவிடுவார்கள். கடைசியில் வருகிற முடிவு சிகிச்சையால் வந்ததா, பிரித்த விதத்தால் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. எனவே, யார் எங்கே போகவேண்டும் என்பதைக் குலுக்கல் மாதிரியான முறையில் முடிவு செய்தார்கள். டாக்டருக்கும் அதில் உரிமை இல்லை, நோயாளிக்கும் இல்லை.

இரண்டு பிரிவுக்கும் ஒரே மருந்துதான்: ஐசோனியாசிட்டும், பாஸ் என்கிற இன்னொரு மருந்தும். ஒரு வருடம் சாப்பிடவேண்டும். வீட்டில் இருந்தவர்கள் வாராவாரம் மையத்துக்கு வந்து மருந்து வாங்கிப்போனார்கள். வாங்கிப்போனால் போதுமா, விழுங்கவேண்டாமா? திடீர் திடீரென்று ஊழியர்கள் வீட்டுக்கே போய், மிச்சமிருக்கும் மாத்திரைகளை எண்ணினார்கள். சிறுநீரையும் சோதித்தார்கள். மருந்து உள்ளே போயிருந்தால் அதில் தெரிந்துவிடும். வீட்டுப்பாடம் சோதிக்கும் டீச்சர்கூட இவ்வளவு கறார் இல்லை!

சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நல்ல சாப்பாடு, நல்ல ஓய்வு. அவர்கள் உடல் எடையும் அதிகமாகக் கூடியது. வீட்டில் இருந்தவர்களுக்கோ இடநெருக்கடியான வீடு, குறைச்சலான சாப்பாடு. சும்மா படுத்திருக்கவும் முடியாது, வேலைக்குப் போனவர்களும் உண்டு.

ஒரு வருடம் முடிந்தது. நோய் அடங்கியவர்கள் சானடோரியப் பிரிவில் நூற்றுக்கு 92 பேர். வீட்டுப் பிரிவில் நூற்றுக்கு 86 பேர்! பெரிய வித்தியாசமே இல்லை. தொடர்ந்து ஐந்து வருடம் கவனித்தார்கள். அப்போது இரண்டு பிரிவிலுமே பத்துக்கு ஒன்பது பேர் அளவில் நலமாக இருந்தார்கள்.

அது சரி, வீட்டில் இருந்த நோயாளியிடமிருந்து குழந்தைகளுக்குத் தொற்றியிருக்குமே? எல்லோரும் பயந்தது அதற்குத்தான். ஆனால், நோயாளியை சானடோரியத்துக்கு அனுப்பிய குடும்பங்களைவிட, வீட்டில் வைத்திருந்த குடும்பங்களில் நோய் அதிகம் பரவவில்லை. காரணம் இதுதான். நோய் இன்னதென்று தெரியாமல் இருமிக்கொண்டிருந்த நாட்களிலேயே பரவவேண்டியது பரவிவிடுகிறது. சரியான மருந்து உள்ளே போனதும், தொற்றவைக்கும் சக்தி வேகமாகக் குறைந்துவிடுகிறது.

1959-ல் இந்த முடிவு வெளியானது. அதன்பிறகு உலகம் முழுவதும் காசநோய் சிகிச்சை சானடோரியத்திலிருந்து வீட்டுக்கு மாறியது. எத்தனை அம்மாக்கள் குழந்தைகளோடு இருந்தபடியே குணமானார்கள்! அந்த மையத்துக்கு இப்போது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிலையம் என்று பெயர். சேத்துப்பட்டிலேயே இன்றும் இருக்கிறது.

கையில் ஒரு தழும்பு

உங்கள் இடது கையில், தோளுக்குக் கீழே ஒரு சின்ன வட்டத் தழும்பு இருக்கிறதா? அதுதான் பி.சி.ஜி. தடுப்பூசி போட்ட அடையாளம். நம் பாதையில் வரும் கிண்டியிலேயே இந்த ஊசிமருந்தைத் தயாரிக்க 1948-ல் ஓர் ஆய்வகம் தொடங்கினார்கள்.

1968-ல், அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் ஒரு மிகப் பெரிய சோதனை நடந்தது. தாம்பரமும் இரும்புலியூரும் அந்த மாவட்டம்தான். சோதனை நடந்ததோ திருவள்ளூர்ப் பக்கம். இரண்டரை லட்சத்துக்கும் அதிகமானவர்கள் இதில் சேர்ந்தார்கள். சிலருக்கு உண்மையான தடுப்பூசி. சிலருக்கு மருந்தில்லாத வெறும் ஊசி. வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

முடிவு? பெரியவர்களுக்கு வருகிற நுரையீரல் காசநோயை இந்த ஊசி தடுக்கவில்லை! எவ்வளவு ஏமாற்றமாக இருந்திருக்கும்! ஆனாலும் அதை மறைக்காமல் 1979-ல் வெளியிட்டார்கள். என்னைக் கேட்டால், 'ஆமாம்' என்று வந்த முடிவைவிட இப்படி 'இல்லை' என்று வந்த முடிவை வெளியிடத்தான் அதிக தைரியம் வேண்டும். பச்சைக் குழந்தைகளுக்கு மூளையைத் தாக்கும் கொடிய காசநோயிலிருந்து பி.சி.ஜி. பாதுகாப்புத் தருகிறது. பிறந்தவுடன் போடுவது அதற்காகத்தான்.

ஒரு மணி நேரத்தில் பதில்

மருந்துக்கு மட்டுமல்ல, நோயைக் கண்டுபிடிக்கும் கருவிக்கும் பரீட்சை உண்டு. ராமானுஜனுக்கு வந்தது காசநோய்தானா என்பதே சந்தேகம். பழைய மருத்துவக் குறிப்புகளை ஆராய்ந்த டாக்டர் டி.ஏ.பி. யங், அது அமீபாவால் வந்த கல்லீரல் நோயாக இருக்கலாம் என்று 1994-ல் எழுதினார். நோயையே தவறாகக் கணித்தால், எவ்வளவு நல்ல சிகிச்சை இருந்தும் என்ன பயன்?

நோயாளியின் சளியை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது பழைய முறை. கிருமி குறைவாக இருந்தால் கண்ணில் படாமல் தப்பிவிடும். சளியிலுள்ள கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்ப்பது நம்பகமானது. ஆனால், பல வாரங்கள் ஆகும். இந்தியாவில் உருவான 'ட்ரூநாட்' என்கிற சின்னக் கருவி, கிருமியின் மரபணுவைத் தேடி சுமார் ஒரு மணி நேரத்தில் பதில் சொல்கிறது. பேட்டரியில் ஓடுவதால் கரண்ட் போனாலும் கவலையில்லை.

இதை எப்படிச் சோதிப்பார்கள்? ஒரே ஆளின் சளியைக் கருவியிலும் பார்ப்பார்கள், வளர்த்தும் பார்ப்பார்கள். நோய் உள்ளவரை 'இல்லை' என்று எத்தனை முறை விட்டுவிட்டது, நோய் இல்லாதவரை 'இருக்கிறது' என்று எத்தனை முறை பயமுறுத்தியது என்று இரண்டையும் தனித்தனியாக எண்ணுவார்கள். இப்படிப் பல சோதனைகளைத் தாண்டித்தான் 2020-ல் ட்ரூநாட்டுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை கிடைத்தது.

அரிசியும் பருப்பும்

குணமாவதற்கு மருந்து போதும், சானடோரியச் சாப்பாடு கட்டாயமில்லை என்று சேத்துப்பட்டு ஆய்வு சொன்னது அல்லவா? அப்படியானால், சாப்பாட்டுக்கும் காசநோய்க்கும் சம்பந்தமே இல்லையா? அறுபது வருடம் கழித்து இந்தக் கேள்வியை வேறு விதமாகக் கேட்டார்கள். நோயாளிக்கு அல்ல, அவரோடு வீட்டில் இருப்பவர்களுக்கு நல்ல சாப்பாடு கொடுத்தால் என்ன ஆகும்?

2019 முதல் 2022 வரை ஜார்க்கண்ட் மாநிலத்தில் 'ரேஷன்ஸ்' என்ற ஆய்வு நடந்தது. 2,800 நோயாளிகள், அவர்கள் வீட்டில் உள்ள பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். நோயாளிகள் எல்லோருக்கும் உணவுப் பொருள் கொடுத்தார்கள். வீட்டில் உள்ளவர்களிலோ, ஒரு பிரிவுக்கு மட்டும் ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, சத்து மாத்திரை. 2023-ல் முடிவு வந்தது. இப்படிச் சாப்பிட்டவர்களில் புதிதாகக் காசநோய் வந்தவர்கள் 39 சதவீதம் குறைவு! டாக்டர் சௌரிமுத்து இருந்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.

ஆறு மாதமா, நாலு மாதமா?

கடைசியாக, உங்களைப் போன்ற பிள்ளைகள் பங்கெடுத்த ஒரு ஆய்வு. அதன் பெயர், 'ஷைன்'.

காசநோய் வந்த குழந்தைகளும் அப்போது ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டாக வேண்டியிருந்தது. ஜுரத்துக்கு மூன்று நாள் மாத்திரை போடவே நீங்கள் வீட்டை இரண்டாக்குவீர்கள், ஆறு மாதம் என்றால்? நோய் லேசாக இருக்கும் குழந்தைகளுக்கு நாலு மாதம் போதாதா என்று கேட்டார்கள் டாக்டர்கள். இந்தியா, உகாண்டா, ஜாம்பியா, தென்னாப்பிரிக்கா ஆகிய நான்கு நாடுகளில் 16 வயதுக்குட்பட்ட 1,204 குழந்தைகள் 2016 முதல் 2018 வரை இதில் சேர்ந்தார்கள். இந்தியாவில் இது நடந்த இடங்கள் இரண்டுதான். ஒன்று புனே, இன்னொன்று நம் சென்னை! இங்கும் அதே சாட் பூட் த்ரீ முறைதான். பாதிப் பேருக்கு நாலு மாதம், பாதிப் பேருக்கு ஆறு மாதம். 2022-ல் வெளியான முடிவில், இரண்டு பிரிவிலும் சிகிச்சை பலிக்காமல் போனவர்கள் நூற்றுக்கு 3 பேர்தான். அதாவது, நாலு மாதமே போதும்! லேசான காசநோய் உள்ள குழந்தைகளுக்கு நாலு மாதச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனமும் ஏற்றுக்கொண்டது.

குழந்தைகளை இப்படிச் சோதனையில் சேர்க்கலாமா என்று உங்களுக்குத் தோன்றும். நல்ல கேள்வி! அப்பா, அம்மா எழுத்தில் சம்மதம் தரவேண்டும். அது மட்டும் போதாது. ஏழு வயது நிறைந்திருந்தால் உங்களையும் கேட்கவேண்டும் என்கின்றன இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017-ம் வருட விதிமுறைகள். 12 வயது வரை வாய்மொழியாகச் சொன்னால் போதும். அதற்கு மேல் என்றால், உங்களுக்குப் புரிகிற எளிய மொழியில் எழுதிய தாளில் நீங்களே கையெழுத்துப் போடவேண்டும். சேர்ந்தபிறகு பாதியில் விலகலாம். விலகினாலும் வழக்கமான சிகிச்சையை நிறுத்தக்கூடாது.

பங்கெடுத்தவர்களின் பெயரை வெளியிடவும் கூடாது. ஷைன் ஆய்வில் சேர்ந்தபோது பாதிக் குழந்தைகளுக்கு வயது மூன்றரைகூட இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள், இப்போது அவர்களுக்குக் கிட்டத்தட்ட உங்கள் வயதுதான்! பீச் ரயிலில் உங்களோடு ஜன்னலோர இடத்துக்குச் சண்டை போடுகிற பிள்ளை அவர்களில் ஒருவராகக்கூட இருக்கலாம்.