டயானா இப்படி அழுவாளா? ரசிகர் புனைகதையும் வாசகர் கருத்தும்



ஏற்கெனவே உள்ள ஒரு படைப்பின் பாத்திரங்களை வைத்து அதன் ரசிகர்கள் தாங்களாகவே எழுதும் கதைதான் ரசிகர் புனைகதை. ஃபேன் ஃபிக்‌ஷன் என்று சொன்னால் மாணவர்களுக்கு உடனே புரியும். இதில் காதலுக்குப் பெரிய இடம் உண்டு. "இதெல்லாம் இலக்கியமா?" என்று சிலர் முகம் சுளிக்கலாம். இருக்கட்டும். பாத்திரப்படைப்பைச் சொல்லிக்கொடுக்க இதைவிட வசதியான பொருள் எனக்குக் கிடைக்கவில்லை.

வேதாளரை எடுத்துக்கொள்வோம். லீ ஃபால்க் 1936 பிப்ரவரியில் தொடங்கிய நாளிதழ்ச் சித்திரக்கதையின் நாயகன் அவர். தமிழில் வேதாளர், மாயாவி என்றெல்லாம் வந்ததால் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் தெரிந்திருக்கும். மண்டை ஓட்டுக் குகையில் வாழ்பவர். முகமூடியில்லாத அவர் முகத்தைப் பார்ப்பவருக்குக் கொடிய சாவு என்பது காட்டு மக்களின் நம்பிக்கை. காதலி டயானா பால்மர் முதல் கதையிலேயே வந்துவிடுகிறாள். கல்யாணமோ 1977-இல்தான்! 41 ஆண்டுகள். (கதைக்குள் யாருக்கும் வயது ஏறவில்லை என்பது வேறு விஷயம்.)

நாளுக்கு மூன்று நான்கு கட்டங்களில் சாகசத்தை நகர்த்த வேண்டிய கதையில், இருவரும் சும்மா பேசிக்கொண்டிருக்க நேரம் குறைவு. ரசிகர் நுழைவது இந்த இடைவெளியில்தான். எடுத்துக்காட்டுக்காக நானே எழுதிய இரண்டு துண்டுகளைப் பாருங்கள்.

முதலாவது: டயானா ஜன்னலோரம் அமர்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். "நீங்கள் இல்லாமல் ஒரு நொடிகூட என்னால் வாழ முடியாது" என்று எழுதினாள்.

இரண்டாவது: "முகமூடியைக் கழற்றுங்கள்" என்றாள் டயானா. "பார்த்தால் செத்துப்போவாய்" என்றார். "இதுவரை எத்தனை தடவை செத்திருக்கிறேன், எண்ணிச் சொல்லவா?" அவர் கழற்றினார். விமானத்துக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது.

முதல் துண்டுக்கு "அருமை, தொடருங்கள்" என்று ஒரு வாசகர் சொல்லலாம். அது பாராட்டு, அவ்வளவுதான். "டயானா இப்படி அழமாட்டாள்" என்று இன்னொருவர் சொன்னால், அங்கே திறனாய்வு தொடங்குகிறது, ஆனால் முடியவில்லை. ஏன் அழமாட்டாள்? ஐக்கிய நாடுகள் அமைப்பில் வேலை பார்ப்பவள், ஆபத்தான இடங்களுக்குத் தானே போய்வருபவள் என்று மூலத்திலிருந்து சான்று காட்டணும். அப்போதும் அவள் அழவே கூடாது என்று சட்டம் இல்லை. எது நடந்து அழுகிறாள் என்பதைக் கதை காட்டினால் நாம் நம்பிவிடுவோம். முதல் துண்டில் அந்தக் காரணம் இல்லை. அழுகிற பெண் டயானாவாக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. யார் பெயரைப் போட்டாலும் பொருந்தும்.

இரண்டாவதில் பெயர்களை மாற்றிப் பாருங்கள், கதை நிற்காது. காட்டு மக்களின் நம்பிக்கையே அங்கே காதலர்களின் கேலியாகிவிட்டது. பிரிவுத் துயரம் என்ற சொல் இல்லை. இருபது நிமிடம் இருக்கிறது.

தேர்வு எழுதுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ரசிகர் புனைகதையில் படித்ததையோ திரைப்படத்தில் பார்த்ததையோ பாடநூல் பாத்திரத்துக்குச் சான்றாக எழுதிவிடாதீர்கள். நாவலில் இல்லாத கண்ணீருக்குப் புள்ளி கிடைக்காது. "அவள் அன்பானவள்" என்பதோடு நிறுத்துவதும் "அருமை, தொடருங்கள்" ரகம்தான். எந்தச் செயலில், எந்தப் பேச்சில் அந்த அன்பு தெரிகிறது என்பதையும் எழுதுங்கள்.

ஆசிரியர்களுக்கும் ஒன்று. பதினாறு வயதுப் பிள்ளை காதல் கதை எழுதிக் காட்டினால், "யாரை நினைச்சு எழுதின?" என்று வகுப்பில் கேட்டுவிடாதீர்கள். எல்லாரும் சிரிப்பார்கள், அந்தப் பிள்ளை அடுத்த கதையைக் காட்டாது. வேதாளரின் முகமூடிக்குப் பின்னால் நின்றுதான் அது சொல்ல நினைத்ததைச் சொல்லியிருக்கும். கேள்வியை டயானாவைப் பற்றியே கேளுங்கள்: "இந்த இடத்தில் அவள் ஏன் பேசாமல் இருக்கிறாள்?" பதில் சொல்ல அந்தப் பிள்ளை மூலக் கதையையும் தன் கதையையும் மறுபடி புரட்டிப் பார்க்கும். கதையின் தலைப்புக்குக் கீழே மூலப் படைப்பாளரின் பெயரை எழுதவும் அப்போதே பழக்கிவிடலாம்.