பளிங்கிலும் பனிப்பாறையிலும் வாழும் கறுப்பு ஈஸ்ட்

ஈரம் காயாத குளியலறை மூலையில் கருகருவென்று ஏதோ படிந்திருக்கும், பார்த்திருப்பீர்கள். அது பல பூஞ்சைகளின் கூட்டம். அதில் அடிக்கடி இடம்பிடிப்பது ஆரியோபேசிடியம். ஈஸ்ட் மாதிரி மொட்டுவிட்டுப் பெருகும்; சில சமயம் நூல் நூலாகவும் நீளும். நாளானால் மெலனின் சேர்ந்து கறுத்துவிடும். நம் தலைமுடியைக் கறுப்பாக்குவதும் ஒரு வகை மெலனின்தான்! அதனால் இதைக் 'கறுப்பு ஈஸ்ட்' என்கிறார்கள்.

துடைத்து எறிகிற இந்தப் பூஞ்சையை ஜப்பானில் 1970களிலிருந்தே தொழிற்சாலையில் வளர்க்கிறார்கள். காரணம், அது தன்னைச் சுற்றிச் சுரக்கும் புல்லுலான் என்ற பசை. சர்க்கரையை உண்டு, குளுக்கோஸை மும்மூன்றாகக் கோத்து நீளச் சங்கிலியாக்குகிறது. அந்தப் பசையைச் சுத்தம் செய்து உலர்த்தினால் கண்ணாடி போன்ற மெல்லிய தாள் கிடைக்கும். நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. ஆக்சிஜன் அதைத் தாண்டி எளிதில் உள்ளே போகாது; வாயில் வைத்தாலோ கரைந்துவிடும். மருந்து அடைக்கும் கேப்சூல்களை வழக்கமாக விலங்குகளின் எலும்பு, தோலிலிருந்து எடுக்கும் ஜெலட்டினில் செய்வார்கள். புல்லுலானில் செய்தால் சைவ உணவுக்காரர்களும் தயங்காமல் விழுங்கலாம்.

இவ்வளவு கெட்டிக்காரப் பூஞ்சைக்கு வேறு என்னவெல்லாம் தெரியும்? அதைக் கண்டுபிடிக்க அதன் டிஎன்ஏவை முழுவதுமாகப் படிக்க வேண்டும். ஸ்லோவேனியா நாட்டு விஞ்ஞானிகளும் அவர்களது கூட்டாளிகளும் நான்கு வகை ஆரியோபேசிடியத்தை எடுத்துப் படித்து, 2014இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு வகை ஆர்க்டிக் பனிப்பாறையில் கிடைத்தது, இன்னொன்று நமீபியாவின் பளிங்குக் கல்லில்!

ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய இரண்டரை முதல் மூன்று கோடி டிஎன்ஏ எழுத்துகள், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மரபணுக்கள். ரொட்டி ஈஸ்ட்டில் சுமார் ஆறாயிரம்தான். சர்க்கரையைச் செல்லுக்குள் இழுக்கும் புரதங்களுக்கும், செடிகொடிகளின் கெட்டியான சுவரை உடைக்கும் நொதிகளுக்கும், உப்பைச் சமாளிக்கும் புரதங்களுக்கும் உரிய மரபணுக்கள் ஏராளமாக இருந்தன. பாறையிலும் பனியிலும் பிழைத்துக்கிடக்க உதவும் இதே திறமைகள்தான் தொழிற்சாலைக்கும் வேண்டியவை. விவசாயக் கழிவைச் சர்க்கரையாக்க அந்த நொதிகள் உதவலாம்.

நான்கு வகைகளும் ஒன்றுக்கொன்று ரொம்பவே மாறுபட்டதால், அவற்றைத் தனித்தனி இனங்களாகவே பிரித்துவிட்டார்கள். இது வெறும் பெயர் மாற்றம் இல்லை. நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு எப்போதாவது தொற்று உண்டாக்கும் இனமும் இவற்றில் இருக்கிறது. ஆகவே எதை வளர்க்கிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

டிஎன்ஏவைப் படிப்பதால் மட்டும் எல்லாம் உறுதியாகிவிடாது. 'இந்த மரபணு இந்த வேலையைச் செய்யலாம்' என்று ஊகிக்கத்தான் முடியும். அப்புறம்தான் எனக்கு மிகவும் பிடித்த கட்டம்: சந்தேகப்படும் மரபணுவை நீக்கிவிட்டு, பூஞ்சை என்ன செய்கிறது என்று பார்ப்பார்கள். சீன விஞ்ஞானிகள் ஆரியோபேசிடியத்தில் இப்படி ஒரு மரபணுவை நீக்கியபோது, புல்லுலான் சுரப்பது வெகுவாகக் குறைந்துவிட்டது. பசை சுரக்க அந்த மரபணு எவ்வளவு முக்கியம் என்பது அப்போது தெரிந்தது!