அறுந்த வடங்கள் சொன்ன நேரம்

1929 நவம்பர் 18, மாலை 5 மணி 2 நிமிடம். இன்றைய கனடாவின் கிழக்கு ஓரத்தில் உள்ள நியூஃபவுண்ட்லாந்துத் தீவுக்குத் தெற்கே, கடலடி நிலம் அதிர்ந்தது. பக்கத்தில் கிடந்த தந்தி வடங்கள் அந்த நொடியிலேயே அறுந்தன. அதில் ஆச்சரியம் இல்லை.

ஆச்சரியம் பிறகுதான் வந்தது. நிலநடுக்கம் ஓய்ந்தபிறகும், தெற்கே ஆழத்தில் கிடந்த வடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அறுந்துகொண்டே போயின. கடைசி வடம் அறுந்தபோது 13 மணி நேரம் கடந்திருந்தது. மொத்தம் 12 வடங்கள்! அவற்றை அறுத்தது யார்?

வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு நீளத் தட்டைச் சாய்த்து வைத்துத் தண்ணீர் ஊற்றுங்கள். மேட்டு ஓரத்தில், சேறு கரைத்த தண்ணீரை ஒரு கரண்டி மெல்ல விடுங்கள். அந்தக் கலங்கல் உடனே எங்கும் பரவாது. நல்ல தண்ணீரைவிடக் கனமானது அல்லவா? அடியோடு ஒட்டிக்கொண்டு பள்ளத்தைப் பார்த்து ஓடும்.

கடலுக்குள்ளும் இதுதான் நடந்தது. சரிவில் காலங்காலமாகப் படிந்திருந்த மண் குலுங்கிச் சரிந்து, நீரோடு கலந்து, பெரும் கலங்கல் வெள்ளமாகக் கீழே பாய்ந்தது. வழியில் கிடந்த வடங்களை எல்லாம் அறுத்துக்கொண்டே போனது.

இதை யாரும் கண்ணால் பார்க்கவில்லை. ஆனால் எந்த வடம் எத்தனை மணிக்குப் பேச்சை நிறுத்தியது என்ற குறிப்பு இருந்தது. 1952-இல் புரூஸ் ஹீசன், மாரிஸ் யூயிங் என்ற இரண்டு அறிவியலாளர்கள் அந்த நேரங்களையும் வடங்களுக்கு இடையே இருந்த தூரத்தையும் வைத்து வெள்ளத்தின் வேகத்தைக் கணக்கிட்டார்கள். அறுந்த வடங்களே கடிகாரம் ஆகிவிட்டன! எனக்கு மிகவும் பிடித்த துப்பறியும் கதை இது.

துயரமும் உண்டு. அதே மண்சரிவு எழுப்பிய ஆழிப்பேரலையில் 28 பேர் இறந்தார்கள். கரையோர ஊர்களின் தந்திக் கம்பி அதற்கு முன்பே புயலில் அறுந்திருந்ததால், உதவி கேட்கக்கூட முடியவில்லை. மூன்றாம் நாள் வந்த ஒரு கப்பலின் வானொலிக் கருவிதான் சேதியை வெளியே சொன்னது.

இன்று கண்டம் விட்டுக் கண்டம் போகும் இணையமும் பெரும்பாலும் கடலடி வடங்களில்தான் ஓடுகிறது. ஆழ்கடலில் அவை தோட்டத்துத் தண்ணீர்க் குழாய் அளவுக்கே தடிமன். அதனால் பொறியாளர்கள் கடலடியை முதலில் அளந்து பார்த்து, செங்குத்துச் சரிவுகளையும் பள்ளத்தாக்குகளையும் முடிந்தவரை விலக்கியே வடம் போடுகிறார்கள். ஒன்று அறுந்தாலும் இன்னொன்று இருக்கும்படி வேறு வழியிலும் போடுகிறார்கள்.

ஆனால் பசிபிக் கடலில் இருக்கும் டோங்கா நாட்டை வெளியுலகத்தோடு இணைத்தது ஒரே ஒரு வடம். 2022 ஜனவரி 15 அன்று அங்கே கடலுக்குள் எரிமலை வெடித்தது. அதன் சாம்பலும் கல்லும் கலந்த வெள்ளம் அந்த வடத்தையும் அறுத்தது. பழுதுபார்க்கும் கப்பல் வந்து அதை மறுபடி இணைத்து முடிக்க ஐந்து வாரம் ஆனது.