தூர வைத்தியம்

வைத்தியர் நோயாளியின் வீடு தேடி வந்த காலம் ஒன்று இருந்தது. பிறகு நோயாளி வைத்தியரைத் தேடிப் போகும் காலம் வந்தது. இப்பொழுது இருவரும் இருந்த இடத்தில் இருந்துகொண்டே, கைப்பேசியில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசிக்கொள்ளும் காலம் வந்திருக்கிறது. இது வேண்டுமா, வேண்டாமா என்று வாதாடுவதில் இனிப் பயனில்லை. இந்தச் சௌகரியத்தால் ஜனங்கள் முழுப் பயனை அடையவும், ஏமாறாமல் இருக்கவும் என்ன செய்ய வேண்டும் என்பதே கேள்வி.

சௌகரியம் பெரிதுதான்; அதை நாம் மறுக்கவில்லை. நீரிழிவுள்ள ஒரு கூலியாள் ஜில்லாத் தலைநகர் ஆஸ்பத்திரிக்குப் போய் வருவதென்றால் அவனுக்கு ஒரு நாள் கூலி போயிற்று. துணைக்குப் போகும் மகனுக்கும் கூலி போயிற்று. பஸ் கட்டணம் வேறு. காலை முழுதும் வரிசையில் நின்ற பிறகு, “பழைய மருந்தையே சாப்பிடு” என்ற ஒரு வார்த்தையோடு அவன் திரும்புகிறான். அந்த ஒரு வார்த்தையை அவன் வீட்டுத் திண்ணையிலேயே கேட்கக்கூடுமானால் அதை வேண்டாமென்று சொல்வது அறிவீனம்.

தமிழ் நாட்டுக்கு இது புதிய விஷயமுமன்று. 1976-ஆம் ஆண்டில் டாக்டர் கோ. வெங்கடசாமி மதுரையில் ஸ்தாபித்த அரவிந்த் கண் ஆஸ்பத்திரி, 2004 முதல் சிற்றூர்களில் கண் பரிசோதனை நிலையங்களை நடத்தி வருகிறது. அங்கே பயிற்சி பெற்ற ஊழியர் கருவி கொண்டு கண்ணைச் சோதிக்கிறார். தூரத்திலுள்ள டாக்டர் அதன் விவரங்களைப் பார்த்து, நோயாளியோடு பேசி, முடிவு சொல்கிறார். இங்கே ஓர் உண்மையைக் கவனிக்க வேண்டும். டாக்டர் தூரத்தில் இருக்கிறார். ஆனால் அவருடைய கையாகவும் கண்ணாகவும் வேலை செய்ய நோயாளியின் பக்கத்தில் ஓர் ஆள் இருக்கிறார். வீட்டிலிருந்து பேசும் நோயாளிக்கு அப்படிப்பட்ட ஆள் இல்லை. ஆகவே அந்த வேலை நோயாளியின் தலையிலும் வீட்டார் தலையிலும் விழுகிறது. தூர வைத்தியத்தின் நன்மையும் தீமையும் இதைப் பொறுத்தே இருக்கின்றன.

முதலாவது, எந்த நோய்க்கு இது பொருந்தும் என்று அறிய வேண்டும். நாட்பட்ட நீரிழிவு, இரத்தக் கொதிப்பு இவற்றுக்கு மருந்தைத் தொடர்தல், பரிசோதனை முடிவுகளின் பொருள் கேட்டல், தோலில் கண்ட தடிப்பு, சாதாரண ஜலதோஷம், மனக் கலக்கம் ஆகியவற்றுக்குத் தூர வைத்தியம் பெரும்பாலும் போதும். வயிற்று வலிக்குப் போதாது. வயிற்றை அழுத்திப் பார்க்கும் கைக்கு மாற்றாக எந்த யந்திரமும் கைப்பேசியில் இல்லை. மார்பு வலி, மூச்சுத் திணறல், பாம்புக்கடி, வலிப்பு, கர்ப்பிணிக்கு இரத்தப்போக்கு, பால் குடியாமல் துவளும் சிசு, திடீரென்று வாய் கோணிப் பேச்சுக் குழறுதல் ஆகிய இவற்றைக் கண்டால் கைப்பேசியில் 108-ஐத்தான் அழைக்க வேண்டும். மூளையின் இரத்தக் குழாய் அடைபட்டவருக்கு அடைப்பைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக முதல் நாலரை மணி நேரத்துக்குள் செலுத்தியாக வேண்டும். டாக்டர் முகம் திரையில் தெரியட்டும் என்று காத்திருந்து அந்த நேரத்தைக் கழித்தால், பிறகு எந்த டாக்டராலும் அதை மீட்டுத் தர இயலாது.

இரண்டாவது, யாரிடம் பேசுகிறோம் என்று அறிய வேண்டும். மத்திய சர்க்கார் 2020 மார்ச் 25-ஆம் தேதி தூர வைத்தியத்துக்கு விதிமுறைகளை வெளியிட்டது. அவற்றை நமது ஜனங்களில் நூற்றுக்கு எத்தனை பேர் அறிவார்கள்? டாக்டர் தம் பெயரை மறைக்கலாகாது. தமது பதிவு எண்ணை மருந்துச் சீட்டிலும் ரசீதிலும் காட்ட வேண்டும். மனிதரல்லாத யந்திர அறிவு, நோயாளிக்கு ஆலோசனை சொல்லவோ மருந்து எழுதவோ கூடாது. முதல் தடவையாகப் பேசும் நோயாளிக்குக் குரலை மட்டும் கேட்டுச் சாதாரண மருந்துகளுக்கு மேல் எழுதக் கூடாது. போதை தரும் மருந்துகளைத் தூரத்திலிருந்து எழுதவே கூடாது. சீட்டை நேரே ஒரு மருந்துக் கடைக்கு அனுப்புவதானால் நோயாளியின் சம்மதம் வேண்டும். எந்தக் கடையில் வாங்குவது என்பது நோயாளியின் இஷ்டம். எல்லாவற்றுக்கும் மேலாக, நோயாளி நேரில் வர விரும்பும்போது, “கைப்பேசியிலேதான் பார்ப்பேன்” என்று டாக்டர் வற்புறுத்தக் கூடாது. இவை தயவு அல்ல, உரிமைகள். கேட்பாரில்லாத உரிமை காகிதத்திலேயே கிடந்து மடியும்.

பணம் கொடுக்க இயலாதவர்கள் சர்க்காரின் ‘இ-சஞ்சீவனி’யை அறிந்திருக்க வேண்டும். 2020 ஏப்ரல் முதல் வீட்டிலிருந்தபடியே இதில் டாக்டரிடம் பேசலாம், கட்டணமில்லை. டாக்டர் தமிழில் பேசுவாரா என்று முன்னதாகவே விசாரிப்பதும் அவசியம். நோயைச் சொல்லத் தாய்மொழியைவிடச் சிறந்த மொழி கிடையாது.

மூன்றாவது, ஆயத்தம். ஆஸ்பத்திரிக்குப் புறப்படுகிறவன் குளித்து, உடுத்து, பழைய சீட்டுகளை எடுத்துக்கொண்டு போகிறான். கைப்பேசியில் பேசுகிறவனோ வேலைக்கு நடுவே, சந்தடிக்கு நடுவே, ஒன்றையும் யோசியாமல் பேசத் தொடங்குகிறான். இது தவறு. நோய் எந்த நாளில் தொடங்கியது, எப்பொழுது கூடுகிறது, எதனால் குறைகிறது என்று ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். காய்ச்சலின் அளவு, உடலின் எடை, இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றைத் தேதியும் நேரமும் போட்டுக் குறிக்க வேண்டும். இரத்த அழுத்தத்தை, ஐந்து நிமிஷம் பேசாமல் உட்கார்ந்த பிறகே அளக்க வேண்டும். காபி குடித்த உடனே அளந்தால் கணக்குப் பிழைக்கும். சாப்பிடும் மருந்துகளின் அட்டைகளைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். “ஒரு வெள்ளை மாத்திரை” என்று சொன்னால் எந்த டாக்டருக்கு என்ன விளங்கும்? சித்த மருந்தோ கை மருந்தோ உட்கொண்டிருந்தால் வெட்கமின்றிச் சொல்லிவிட வேண்டும். ஒவ்வாத மருந்து எது என்பதையும் கேட்குமுன்பே சொல்ல வேண்டும்.

வெளிச்சம் முகத்தின்மேல் விழும்படி ஜன்னலைப் பார்த்து உட்காருவது நலம். ஜன்னலுக்கு முதுகு காட்டினால் டாக்டருக்குத் தெரிவது நிழல்தான். தோல் நோயைப் பகல் வெளிச்சத்தில் முன்கூட்டியே படம் பிடித்து வைக்க வேண்டும். பேசி முடிக்குமுன் நான்கு கேள்விகள் கேட்க வேண்டும்: நோய் என்னவென்று நினைக்கிறீர்கள்? மருந்தை எப்படி, எத்தனை நாள் சாப்பிடுவது? எத்தனை நாளில் குணம் தெரியும்? எந்தக் குறி கண்டால் நேரில் ஓடி வர வேண்டும்? நான்காவது கேள்வியே முக்கியமானது. அதைக் கேளாதவன் பாதி வைத்தியத்தோடு எழுந்து போகிறான்.

இவ்வளவும் எழுதப் படிக்கத் தெரிந்தவனுக்குச் சரி. தெரியாதவன் என்ன செய்வான்? இங்கேதான் ஊருக்கு உழைக்க முன்வந்த நமது இளைஞர்களுக்கு வேலையிருக்கிறது. ஒவ்வொரு வாசகசாலையிலும் ஒரு தராசு, ஒரு காய்ச்சல் மானி, இரத்த அழுத்தம் அளக்கும் ஒரு கருவி, ஒரு நல்ல கைப்பேசி, வாரத்தில் இரண்டு மாலை நேரம் ஆகிய இவையிருந்தால் ஓர் ஊரின் முதியவர்களுக்குப் பேருபகாரம் செய்யலாம். ஆனால் ஓர் எச்சரிக்கை. பிறர் நோயைக் கேட்டவன் அதை வெளியே சொல்லலாகாது. பெண்கள் தனியே பேச அறை வேண்டும். உதவி செய்கிறவர் நோயாளிக்குப் பதிலாகப் பேசாமல், நோயாளியைப் பேசவிட வேண்டும்.

சர்க்காருக்கும் ஒரு வார்த்தை சொல்லி முடிப்போம். கைப்பேசியில் டாக்டர் தெரிகிறார் என்பதைச் சாக்காக வைத்துக்கொண்டு, கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தின் நாற்காலியைக் காலியாக விடலாகாது. நேரில் வரச் சொல்லும் டாக்டரின் வார்த்தைக்குப் பொருள் இருக்க வேண்டுமானால், போய்ச் சேரும் இடத்தில் ஒரு டாக்டர் இருக்க வேண்டும். தூர வைத்தியம் ஆஸ்பத்திரிக்கு வழிகாட்டும் கைகாட்டியாக இருக்கட்டும். கைகாட்டியை நட்டுவிட்டு ஊரை எடுத்துவிடுவதை நாம் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டோம்.