அட்டை உண்டு, சட்டம் இல்லை

மேற்கு டெல்லியின் விகாஸ்புரியில் இரவுக் காய்கறிச் சந்தை கலைந்த பிறகு சில பெண்கள் பையோடு வருவார்கள். வியாபாரிகள் கழித்துப்போட்ட முட்டைக்கோஸ் இலை, அடிபட்ட தக்காளி, நசுங்கிய கத்தரிக்காய் ஆகியவற்றில் தேறியதைப் பொறுக்கிக்கொண்டு போவார்கள். மியான்மரின் சின் மாநிலத்திலிருந்து ராணுவத்துக்குப் பயந்து ஓடிவந்தவர்கள் இவர்கள். எல்லையை ஒட்டிய மிசோரமில் மொழியும் உறவும் உண்டு. அதை விட்டுவிட்டு டெல்லிக்கு ஏன் வந்தார்கள்? ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் அலுவலகம் இங்கேதான் இருக்கிறது. பதிவு செய்து, நேர்காணலில் தேறினால் ஓர் அட்டை கிடைக்கும்.

போலீஸ் நிறுத்தினால் அந்த அட்டையைக் காட்டலாம். அதை மதிப்பதும் மதிக்காததும் அந்தக் காவலரைப் பொறுத்தது. அதை வைத்து ஆதார் வாங்க முடியாது. ஆதார் இல்லையென்றால் வங்கிக் கணக்கு, சிம் கார்டு, வாடகை ஒப்பந்தம் எல்லாமே இழுபறி. உள்துறை அமைச்சகம் 2011-இல் வகுத்த நடைமுறைப்படி நீண்டகால விசா கிடைத்தால் தனியார் வேலைக்குப் போகலாம். அது கிடைப்பதும் அமைச்சகத்தின் கையில்தான்.

காரணம் எளிது. 1951-ஆம் ஆண்டின் ஐ.நா. அகதிகள் உடன்படிக்கையிலும் 1967-இன் நெறிமுறையிலும் இந்தியா கையெழுத்திடவில்லை. உள்நாட்டிலும் அகதிகளுக்கென்று சட்டம் கிடையாது. சட்டத்தின் கண்ணில் சுற்றுலாப் பயணியும் உயிர் தப்பி வந்தவரும் ஒன்றுதான்: இருவரும் வெளிநாட்டவர்.

சட்டம் இல்லாத இடத்தில் என்ன இருக்கிறது என்பதை யமுனைக் கரையின் மஜ்னு கா டில்லாவில் பார்க்கலாம். ஒரு பக்கம் திபெத்தியர் குடியிருப்பு. சந்து முழுக்க வண்ணக் கொடிகள், மோமோ கடைகள். 1959-இல் தலாய் லாமா இந்தியாவுக்கு வந்ததைத் தொடர்ந்து வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் இந்திய அரசு தரும் பதிவுச் சான்றிதழோடு வாழ்கிறார்கள். கொஞ்ச தூரத்தில் குருத்வாராவை ஒட்டிப் பாகிஸ்தானிலிருந்து வந்த இந்துக்களின் குடிசைகள். 2019-இன் குடியுரிமைத் திருத்தச் சட்டப்படி, 2014 டிசம்பர் 31-க்குள் வந்திருந்தால் அவர்கள் குடியுரிமை கேட்கலாம். தெற்கே காளிந்தி குஞ்ச் பக்கம், மியான்மரிலிருந்து வந்த ரோஹிங்கியாக்களின் தகரக் கொட்டகைகள். அவர்களிடம் இருப்பது ஐ.நா. அட்டை மட்டுமே. அரசு அவர்களைச் சட்டவிரோதக் குடியேறிகள் என்கிறது. ஒரே நகரத்தில் மூன்று நீதி. எந்த நாட்டிலிருந்து, எந்த மதத்தில், எந்த ஆண்டில் வந்தார் என்பதே ஒருவரின் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது. அங்கே அவருக்கு என்ன நேர்ந்தது என்று கேட்கும் சட்டம் எதுவும் இல்லை.

இதைச் சரிசெய்ய 2025-இல் ஒரு வாய்ப்பு வந்தது. 1920, 1939, 1946, 2000 ஆகிய ஆண்டுகளின் நான்கு பழைய சட்டங்களை நீக்கிவிட்டுக் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. செப்டம்பர் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. பாஸ்போர்ட், விசா இல்லாமல் நுழைந்தால் 5 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். குண்டுவீச்சுக்குத் தப்பி ஓடுகிறவர் எந்த அலுவலகத்தில் விசா வாங்கிக்கொண்டு ஓடுவார்?

அதோடு வந்த விலக்கு உத்தரவில் நமக்கும் ஒரு வரி இருந்தது. 2015 ஜனவரி 9-க்குள் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்கள் பாஸ்போர்ட், விசா விதிகளிலிருந்து விடுவிக்கப்பட்டார்கள். நல்லதுதான். ஆனால் உத்தரவு என்பது அமைச்சகம் எழுதுவது, அமைச்சகமே திருத்தலாம். இங்கேயே அகதி முகாம்களில் பிறந்து வளர்ந்த அவர்களின் பிள்ளைகளுக்கு இதனால் குடியுரிமையும் வந்துவிடவில்லை.

நீதிமன்றங்கள் கைகொடுத்ததுண்டு. 1996-இல் அருணாசலப் பிரதேசத்தில் அகதிகளாகக் குடியேறிய சக்மாக்களை விரட்டக் கூடாது என்றது உச்ச நீதிமன்றம். உயிர் வாழும் உரிமை வெளிநாட்டவருக்கும் உண்டு என்றது. ஆனால் 2021 ஏப்ரல் 8 அன்று, ஜம்முவில் அடைக்கப்பட்டிருந்த ரோஹிங்கியாக்களை உரிய நடைமுறைப்படி நாடுகடத்தலாம் என்று அதே நீதிமன்றம் சொன்னது. ஒரு மாதம்கூட ஆகவில்லை. மே 3 அன்று மணிப்பூர் உயர் நீதிமன்றம், மியான்மர் ராணுவத்துக்குத் தப்பி வந்த ஏழு பேர் பத்திரமாக டெல்லி சென்று ஐ.நா. அலுவலகத்தை அணுக வழிசெய்தது. அகதியின் உயிர், வழக்கு எந்த நீதிபதியிடம் போகிறது என்பதில் தொங்குகிறது.

சட்டம் எழுத ஆள் இல்லாமலில்லை. முன்னாள் தலைமை நீதிபதி பி.என். பகவதி தலைமையிலான குழு 1990-களிலேயே ஒரு மாதிரிச் சட்டத்தைத் தயாரித்தது. சசி தரூர் 2015-இலும், பிறகு 2022-இலும் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அடைக்கலம் கேட்பவரின் மனுவை ஓர் ஆணையம் விசாரிக்க வேண்டும், உயிருக்கு ஆபத்துள்ள இடத்துக்கு யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது என்பவை அதன் சாரம். ஆனால் இங்கே தனிநபர் மசோதா ஒன்று கடைசியாகச் சட்டமானது 1970-இல்.

அரசின் தயக்கத்தையும் ஒதுக்கிவிட முடியாது. 1971-இல் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் வந்தார்கள். எல்லைகள் நீளமானவை, பாதுகாப்புக் கவலைகள் உண்மையானவை. ஆனால் யார் அகதி, யார் குற்றவாளி என்று பிரித்துப் பார்க்கவே சட்டம் வேண்டும். சட்டம் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம்: அமெரிக்கா 2004-இல் வட கொரிய மனித உரிமைச் சட்டம் இயற்றியபோது, தென் கொரியக் குடியுரிமை கோரும் தகுதி இருப்பதைக் காரணம் காட்டி வட கொரியருக்கு அடைக்கலத்தை மறுக்கக் கூடாது என்று எழுதிவைத்தது. அங்கும் ஆட்சி மாறினால் அகதிகளின் எண்ணிக்கை ஏறி இறங்குகிறது. ஆனாலும் வழக்காட ஒரு பிரிவாவது கையில் இருக்கிறது.

தமிழ்நாட்டின் 39 மக்களவை உறுப்பினர்கள் இலங்கைத் தமிழருக்குக் குடியுரிமை கேட்டுப் பேசும்போது, விகாஸ்புரியின் சின் பெண்ணுக்கும் பொருந்தும் ஒரு பொது அகதிகள் சட்டத்தையும் சேர்த்துக் கேட்கட்டும். உங்கள் தொகுதி உறுப்பினருக்கு இதை ஒரு கடிதமாக எழுதுங்கள்.