பாடசாலைத் தெரிவும் இலவசக் கல்வியும்

பிள்ளையை எப்பாடசாலையிற் சேர்ப்பது என்பது பெற்றோரின் சொந்த விருப்பமாகவே பேசப்படுகின்றது. இலங்கையில் அவ்விருப்பத்தின் எல்லைகளை வகுத்தவை சட்டங்களாகும். 1945இல் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது. கட்டணம் அறவிடாது தனித்தியங்க இசைந்த பெரிய பாடசாலைகள் சில விலகி நின்றன. (மலையகத் தோட்டப் பாடசாலைகளோ 1970களிலேயே அரசின் கைக்கு வரத் தொடங்கின என்பதை நம்மிற் பலர் மறந்துவிடுகின்றோம்.) 1977இன் பின் வந்த திறந்த பொருளாதாரச் சூழலிற் பெருகிய சர்வதேசப் பாடசாலைகள் கம்பனிச் சட்டத்தின்கீழ்ப் பதிவாயின. வீட்டிலேயே கற்பிக்கும் முறை இங்கு வேரூன்றவில்லை. 5 முதல் 14 வயது வரை பாடசாலை வரவை 1997ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் கட்டாயமாக்கின. பின்னர் அவ்வெல்லை 16 ஆயிற்று.

ஆயினும், தனியார் கல்வி வேறொரு வாயிலாற் பல வீடுகளை எட்டிவிட்டது. காலையில் அரசாங்கப் பாடசாலைக்குச் செல்லும் பிள்ளையே மாலையில் ரியூசன் நிலையத்திற் பணங் கட்டுகின்றது. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிற் பரீட்சை முதல் உயர்தரம் வரை இதுவே வழமை. கூலித் தொழிலாளியின் பிள்ளைக்குப் பாடசாலை மட்டுமே உண்டு. பல்கலைக்கழக அனுமதியில் மாவட்ட அடிப்படை பிரதேச வேறுபாட்டை ஓரளவு ஈடுசெய்கின்றது. ஒரே மாவட்டத்தினுள் ரியூசனுக்குப் பணங் கட்டியவரையும் கட்ட இயலாதவரையும் அது வேறுபடுத்திப் பார்ப்பதில்லை.