பொறியியலும் நிர்வாகமும்



கணிதத்தில் வல்லவரான ஆசிரியர் ஒருவரிடம், பள்ளியின் கால அட்டவணையை வகுக்கும் பொறுப்பை நான் ஒருமுறை ஒப்படைத்தேன். ஒரு வகுப்பும் விடுபடவில்லை. ஒரு மணியும் வீணாகவில்லை. ஆனால், முதிய தமிழாசிரியர் ஒருவருக்கு முற்பகலில் நான்கு வகுப்புகள் தொடர்ந்து விழுந்திருந்தன! கணக்குச் சரி, கணக்கில் மனிதர்தாம் வரவில்லை. பொருளை அறிவது வேறு. பலரைக் கூட்டிக் காரியத்தை நடத்துவது வேறு.

அமெரிக்காவிலுள்ள மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் இவ்வுண்மையை 1914ஆம் ஆண்டிலேயே உணர்ந்து, 'பொறியியல் நிர்வாகம்' என்னும் பாடத்திட்டத்தைத் தொடங்கியது. பொருளாதாரத் துறையின் ஒரு மூலையில் பிறந்த குழந்தை அது. 1931இல், பணியிலிருக்கும் நிர்வாகிகளுக்கும் அங்கே பயிற்சி தொடங்கிற்று. அதற்கு ஆதரவளித்தவர் அக்கழகத்தின் பழைய மாணவரான ஆல்பிரட் ஸ்லோன். 1952இல் அவருடைய அறநிறுவனத்தின் நன்கொடையால் அது தனிக் கல்லூரியாயிற்று. 1964இல் அவர் பெயரையே பெற்றது.

ஆனால், ஒரு துறை கட்டடத்தால் மட்டும் வளர்வதில்லை. அது எழுப்பும் வினாக்களால் வளர்கிறது. 1956இல் ஜே பாரஸ்டர் என்னும் மின்பொறியியலாளர் அங்கு வந்து சேர்ந்தார். கென்டக்கி மாநிலத்தில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ஆலைகள், ஒரு காலத்தில் இரவு பகலாக இயங்கும். சில ஆண்டுகளில் தொழிலாளரில் பாதிப்பேர் வேலையிழப்பர். சந்தையின் ஏற்றத்தாழ்வே காரணம் என்று பலரும் எண்ணினர். பாரஸ்டர் காகிதமும் பென்சிலுமாக அமர்ந்து, சரக்கிருப்பையும் ஆள்சேர்ப்பையும் வாரம் வாரமாகக் கணக்கிட்டார்.

அவர் கண்டது என்ன? இருப்புக் குறைந்ததும் ஆட்களைச் சேர்க்கிறார்கள். அவர்கள் வேலை பழகுவதற்குள் இருப்பு இன்னும் குறைகிறது, மேலும் சேர்க்கிறார்கள். பின்னர்ச் சரக்குக் குவிகிறது, ஆட்களை நீக்குகிறார்கள். சந்தை அசையாதிருந்தாலும் ஆலை ஊசலாடும்! குறை வெளியே இல்லை; ஆலையின் சொந்த விதிகளிலேயே இருந்தது. எத்தனை குடும்பங்களின் அடுப்பு அந்த விதிகளைப் பொறுத்திருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்.

பிறகு, அங்கேயே தாமஸ் ஆலன் என்னும் பேராசிரியர், ஆய்வுக்கூடங்களில் யார் யாருடன் பேசுகின்றனர் என்பதை ஆராய்ந்தார். இருக்கைகளின் இடைத்தூரம் கூடக்கூடப் பேச்சு விரைந்து குறைவதையும், ஏறத்தாழ 50 மீட்டருக்கு அப்பால் அது மிக அருகிவிடுவதையும் தமது 1977ஆம் ஆண்டு நூலில் விளக்கினார். அறிவு பரவுவதற்குச் சுவரும் படிக்கட்டும்கூடத் தடையாகலாம் அல்லவா? 1981இல் பொறியியல் கல்லூரியும் நிர்வாகக் கல்லூரியும் கைகோத்து, தொழில்நுட்ப நிர்வாகத்திற்கெனத் தனிப் பாடத்திட்டம் அமைத்தன.

நம் நாட்டிற்கும் இதில் தொடர்புண்டு. 1961இல் கல்கத்தாவில் இந்திய நிர்வாகவியல் கழகம் அமைந்தபோது, அக்கல்லூரி துணைநின்றது.

நண்பர்களே, உங்களில் பலர் நாளை பொறியியலாளர் ஆவீர்கள். யந்திரம் பழுதுற்றால் திறந்து பார்க்கிறோம். நிர்வாகம் பழுதுற்றாலோ, பிறரைக் குறைகூறுகிறோம். அப்போது, நாம் வகுத்த விதியையே முதலில் திறந்து பார்க்கும் துணிவு உங்களுக்கு வேண்டும். கால அட்டவணையை மறுநாளே திருத்தியபோது நான் கற்ற பாடமும் அதுவே.